பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்ப்பவர் 'விழித்திருப்பது' எப்படி?

கேள்வி: 'ஆண்டவர் இயேசுவின் இரண்டாம் வருகைக்கு விழித்திருங்கள் என்று சபையில் வாராவாரம் சொல்கிறார்கள். காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் எனக்கு இது எப்படிச் சாத்தியம்?'

முதலில் பயத்தை விடுங்கள். மணவாளன் வருகைக்கு விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் உவமையைச் சொல்லித்தான் உங்களை மிரட்டியிருப்பார்கள். மத்தேயு 25:5ஐத் திறந்து பாருங்கள்: 'அவர்களெல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்.' புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கத்தான் செய்தார்கள். தனிப் பாத்திரத்தில் எண்ணெய் எடுத்து வந்திருந்ததால் தப்பித்தார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் மெச்சப்படுகிற ஊழியக்காரனும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தவன் இல்லை. வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டவன். எஜமான் வர நாளாகும் என்று நினைத்து உடன்வேலைக்காரரை அடித்தவன்தான் மாட்டிக்கொண்டான். உங்கள் பன்னிரண்டு மணி நேர வேலையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

நடைமுறைக்கு, இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கத் துறவி இக்னேஷியஸ் லொயோலா எழுதிவைத்த ஒரு சுயபரிசோதனை வழி இருக்கிறது. அச்சில் வந்தது 1548இல். 'அது கத்தோலிக்கர் முறையாச்சே' என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். சுயபரிசோதனை எந்தச் சபைக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை.

காலையில் எழுந்ததும் ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். கோபம் என்று பொதுவாக வேண்டாம். 'ஜூனியர்களிடம் எரிந்து விழுவது' என்கிற அளவுக்குக் குறுக்குங்கள். பகலில் தவறிய அந்த நொடியே கையை நெஞ்சில் வைத்து வருந்த வேண்டும். கூட்டத்தின் நடுவே செய்தாலும் யாருக்கும் தெரியாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் எழுந்த நேரத்திலிருந்து அதுவரை மணி மணியாக நினைத்துப் பாருங்கள். நோட்டில் ஒரு நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு 14. எத்தனை முறை தவறினீர்களோ அத்தனை புள்ளி மேல் கோட்டில். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பது கீழ்க் கோட்டில். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள், மறுநாள் நேற்றோடு, வாரக் கடைசியில் போன வாரத்தோடு. ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து நிமிடம் போதும்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். நான்கைந்து குறைகளை ஒன்றாகப் பிடித்தால் மூன்றாம் நாளே நோட்டு மூலைக்குப் போய்விடும். படுக்கையில் படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாவது மணிக்கணக்கு வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அதை அடுத்த நாள் சேர்த்து எழுதாதீர்கள், மனம் போட்டு வைக்கும் கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே இருக்கும். அடுத்தவர் செய்த தப்பு நோட்டில் ஏறினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். புள்ளி வைக்க வைக்கப் பயமும் குற்ற உணர்வும் கூடிக்கொண்டே போகிறவர்கள் நிறுத்திவிட்டுப் போதகரிடமோ குருவானவரிடமோ பேசுவது நல்லது.

எபேசியர் 4:26 இன்னொரு காலக்கெடு வைக்கிறது: பொழுது சாய்வதற்குள் எரிச்சல் தணிய வேண்டும். வீட்டில் சண்டை என்றால் ஆறு மணிக்கு முன்பே ஆபீஸ் படிக்கட்டில் நின்று ஒரு போன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வருகைக்குத் தேதி குறித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து மத்தேயு 24:36ஐ ஒருமுறை வாசியுங்கள்: அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்குத்தான் தெரியும். அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்றார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21க்குத் தள்ளினார். அவரை நம்பிச் சேமிப்பைக் கரைத்தவர்கள் உண்டு. பொய்த்துப்போன இந்தத் தேதிகளை எடுத்துச் சொன்னால் 'விசுவாசம் இல்லாதவர்' என்று பட்டம் கட்டுகிறார்கள். தெசலோனிக்கேயில் வேலை செய்யாமல் திரிந்தவர்களைப் பவுல் கண்டித்ததை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

உங்களுக்கு நைட் ஷிப்ட் மாறி மாறி வருமானால் மதியம், இரவு என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எழுந்ததிலிருந்து முதல் சாப்பாடு வரை மேல் கோடு, அங்கிருந்து கடைசிச் சாப்பாடு வரை கீழ்க் கோடு.