வாசகர் கேள்வி – பதில்: ஊருமலை வெளிச்ச வீடும் மன்னார் நண்டுக் கறியும்

கேள்வி: வன்னியில் வெளிச்ச வீடு பார்க்க முல்லைத்தீவா, தலைமன்னாரா? பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். (வவுனியா வாசகர்)

பதில்: தலைமன்னாருக்கே போங்கள். முல்லைத்தீவின் பழைய வெளிச்ச வீடு போரில் அழிந்துவிட்டது. மன்னார்த் தீவின் மேற்கு முனையில், ஊருமலையில் நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1915ஐச் சேர்ந்தது. உயரம் ஏறக்குறைய 19 மீற்றர். அதற்கு முந்தைய ஆண்டுதான் தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பற் சேவை தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர் சூடிய நீராவிக் கப்பல்கள் இக்கரையைத்தான் தேடி வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபின் சேவை இராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் நின்றே போனது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் வெள்ளைத் தூண்.

பறையனாலங்குளம் வழியாக மன்னார், அங்கிருந்து பேசாலையைத் தாண்டி இன்னும் சுமார் 28 கிலோமீற்றர். காலை ஆறு மணிக்குள் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் முனையில் நிற்கலாம். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். வரும் வழியில் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் மன்னார்த் தாம்போதிக்கு இருபுறமும் பூநாரைகளைக் காணவும் வாய்ப்புண்டு. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். கைக்குழந்தையோடு அப்போது போக வேண்டாம்.

கேள்வி: கோபுரத்தில் ஏறலாமா? ட்ரோன் பறக்கவிடலாமா? (மாங்குளம்)

பதில்: ஏறலாம் என்று நம்பிப் போகாதீர்கள், வெளியே நின்று பார்ப்பதுதான் வழமை. ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பக்கத்தில் கடற்படை இருப்பதால் அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

கேள்வி: தலைமன்னார்க் கரையில் நின்றால் இந்தியா தெரியும் என்கிறார்களே? (கிளிநொச்சி மாணவி)

பதில்: பகலில் தெரியாது. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கண்ணின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.9 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றரில் என்று வரும். மணலில் நிற்பவரின் கண் 2 மீற்றர் என்றால் 5.5 கிலோமீற்றர். 19 மீற்றர்க் கோபுரத்தின் உச்சிக்குப் போனாலும் 17தான். தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றருக்கு அப்பால். அதுவோ தட்டையான மணல். ஆட்கள் விரல் நீட்டிக் காட்டும் “இந்தியா” பெரும்பாலும் இராமர் அணையின் மணல் திட்டுத்தான்.

இரவில் கதை வேறு. தனுஷ்கோடிப் பக்கம் 2022இல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கம் ஏறத்தாழ 50 மீற்றர். அதற்கு 27.5, உங்கள் கண்ணுக்கு 5.5 என்று கூட்டினால் 33. ஆகவே தெளிந்த இரவில் அடிவான விளிம்பில் ஒளி மினுங்க இடமுண்டு. புழுதி மூட்டமான சோளகக் காலத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: போன முறை மன்னார்ப் பக்கம் ஒரு கடையில் நண்டுக் கறி கேட்டோம். கோது நிறையக் குழம்பு இருந்தது, சதை இல்லை. ஏமாற்றினார்களா? (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: சமைத்தவரைவிட நண்டைத் தெரிவு செய்தவரில்தான் பிழை இருக்கும். நண்டு ஓடு கழற்றிய புதிதில் உள்ளே தண்ணீர்தான் கூடுதலாக இருக்கும். புது ஓட்டுக்குள் சதை நிரம்ப நாள் எடுக்கும். அப்படிப்பட்ட நண்டின் ஓடு பளிச்சென்று சுத்தமாக இருக்கும், பார்க்க அழகு. சதை பிடித்ததோ சற்று அழுக்கேறி, கையில் எடுத்தால் பருமனுக்கு மிஞ்சிய பாரமாக இருக்கும். வயிற்றுப் பக்க ஓட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் திருப்பி வைத்துவிடுங்கள். நண்டின் காலை முகர்ந்து பார்க்கும்போது மூக்கில் ஏறும் காரநெடி வந்தால் செத்து நேரமாகிவிட்டது. ஆண் நண்டு நீலமாக, வயிற்று மடல் ஒடுங்கி இருக்கும். பெண் மண்ணிறம், மடல் அகலம். மடலுக்குள் முட்டை ஒட்டியிருந்தால் கடலுக்கே விட வேண்டியது, வாங்காதீர்கள்.

இதையெல்லாம் செய்ய வேண்டுமென்றால் நண்டு சட்டிக்குப் போகுமுன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அதனால் முனைக்குப் போகும் வழியிலேயே, காலையில், கடைக்காரரிடம் சொல்லுங்கள். பச்சை நண்டை நிறுத்து விலை பேசுங்கள், சமையற்கூலியைத் தனியாகக் கேளுங்கள். ஒரு கிலோ நண்டில் சதை மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஆளுக்கு நடுத்தர அளவில் இரண்டு போதும், கூட ஒரு கணவாய்ப் பிரட்டல் எடுத்தால் சோறு நிரப்பிவிடும். முருங்கையிலையைக் கறி இறக்கும் தறுவாயில் போடச் சொல்லுங்கள், முதலிலேயே போட்டால் கசந்து கறுத்துவிடும்.

ஞாயிறு மட்டும் யோசியுங்கள். பேசாலை போன்ற கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் அன்று பெரும்பாலும் தொழிலுக்குப் போக மாட்டார்கள், மத்தியானம் கிடைப்பது ஐஸில் இருந்த முந்தைய நாள் மீனாகலாம்.

ஒடியற் கூழ் வேண்டுமென்றால் முதல்நாளே தொலைபேசியில் சொல்ல வேண்டும். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி வடித்தால்தான் கசப்புப் போகும். பன்னிரண்டு மணிக்குக் கேட்டு ஒரு மணிக்கு வரும் கூழ் கசக்கும், அல்லது அது ஒடியற் கூழாகவே இராது.