கணினி கேள்வி பதில்: ஓட்ட ஓட்ட மார்க் குறைவது ஏன்?

இன்டெல் ஐ5-1135ஜி7 ப்ராசஸர் உள்ள லேப்டாப் வைத்திருக்கிறேன். ப்ராசஸர் வேகத்தை அளந்து மார்க் போடும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளின் மல்டி கோர் (எல்லா கோர்களும் சேர்ந்து ஓடும்) சோதனையில் முதல் தடவை 5,600 வந்தது. கையோடு மறுபடி ஓட்டினால் 4,700, அடுத்து 4,100. ப்ராசஸர் போய்விட்டதா?
– வாசகர், குளச்சல்

ப்ராசஸர் அவ்வளவு எளிதில் போகாது. இந்த வகை லேப்டாப்புகள் முதலில் கொஞ்ச நேரம் அதிக வாட்ஸ் இழுத்து வேகம் காட்டும். பிறகு தயாரிப்பாளர் வைத்த வரம்புக்கு இறங்கும். உங்கள் சிப்புக்கு அது 12 முதல் 28 வாட்ஸ். அந்த இறக்கம் பழுதல்ல. ஆனால் மூன்றாவது ஓட்டத்திலும் சரிகிறதே, அங்கேதான் சூட்டின் மேல் சந்தேகம் வருகிறது.

உறுதிசெய்ய, சார்ஜரைச் செருகி ரீஸ்டார்ட் செய்து 10 நிமிடம் சும்மா விடுங்கள்; அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் அடங்கட்டும். வெப்பம், வாட்ஸ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளின் சென்சார் பக்கத்தைத் திறந்துவைத்து, சினிபெஞ்சின் 10 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். வெப்பம் 75 டிகிரி அளவில் நிற்க, வாட்ஸ் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டால் அது பவர் வரம்பு. வெப்பம் 100ஐ நெருங்கி, தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைத்தல்) எதிரே ‘யெஸ்’ விழுந்தால் சூடு வெளியேற வழியில்லை.

கடலோர வீடுகளில் உப்பு ஈரம் பட்ட தூசி பொடியாக நிற்பதில்லை. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டு மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் அசையாது. பின்மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, ஃபேனைக் கழற்றுங்கள். படலத்தை விரலாலேயே உரிக்கலாம். மிச்சத்துக்கு உலர்ந்த பெயின்ட் பிரஷ் போதும். காற்றடிப்பதானால் ஃபேன் இறகைப் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும். ஹீட்சிங்கையும் (ப்ராசஸர் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி) கழற்றினால், அதற்கும் ப்ராசஸருக்கும் இடையே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக மெல்லிசாகப் பூசி, திருகுகளை அருகில் பொறித்த 1, 2, 3, 4 வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

சார்ஜர் மாற்றிய நாளிலிருந்து டாஸ்க் மேனேஜரில் வேகம் 0.40 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. சார்ஜரைப் பிடுங்கினால் சரியாகிறது.
– வாசகி, தக்கலை

புதுச் சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணவில்லை. சில மாடல்களில் சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி இருக்கும். சார்ஜர் எத்தனை வாட்ஸ் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ, தகவல் வராவிட்டாலோ மதர்போர்டு ப்ராசஸரின் வேகத்தை அடக்கிவிடும். பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) அடாப்டர், அதாவது சார்ஜர் விவரம் ‘அன்னோன்’ என்றிருந்தால் சந்தேகமே இல்லை. பழைய சார்ஜரின் லேபிளில் உள்ள வோல்ட், வாட்ஸ் அளவிலேயே அதே மாடலுக்கானதை வாங்குங்கள். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் ‘பிடி ப்ராக்ஹாட்’ (வேகத்தைக் குறைக்கச் சொல்லி ப்ராசஸருக்கு வெளியிலிருந்து வரும் சிக்னல்) டிக்கை எடுத்தாலும் வேகம் திரும்பும். ஆனால் வாட்ஸ் குறைந்த சார்ஜர் தாங்காமல் கொதித்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.