வாசகர் கேள்வி-பதில்: வண்டின் ஓடு ஒரு கண்ணாடி

பதப்படுத்திய வண்டுகளை மேக்ரோவில், அதாவது மிக நெருங்கிப் பெரிதாகப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: தென்னந்தோப்பில் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த காண்டாமிருக வண்டுகளைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். கால்கள் மடங்கி இறுகிவிட்டன, விரிக்கப் போனால் ஒடிகின்றன. உடம்பெல்லாம் அழுக்கு வேறு. படத்துக்குத் தேறுமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: தேறும். ஆனால் பொறித் தண்ணீரில் பல நாள் ஊறிக் கிடந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே அழுகியிருக்கும், தொட்டால் தலை தனியாக வரும்.

காய்ந்த வண்டின் மூட்டுச் சவ்வுக்கு மறுபடி ஈரம் ஏற வேண்டும். இவ்வளவு தடித்த ஓடுள்ள வண்டுக்கு வெந்நீரே போதும். அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு வண்டை அமிழ்த்துங்கள். ஒரு மணி நேரம் கழித்து நடுக்காலை இடுக்கியால் லேசாக அசைத்துப் பாருங்கள். முரண்டு பிடித்தால் நீரை மாற்றி இன்னும் ஒரு மணி நேரம். ராத்திரி முழுக்க ஊறினாலும் கெடாது. செதில் போர்த்திய கூன்வண்டுகளையும் மிகச் சிறியவற்றையும் மட்டும் இப்படி நேரடியாக நனைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் டப்பாவில் ஈர மணல் பரப்பி, பூஞ்சை வராமலிருக்க டெட்டால் சில சொட்டு விட்டு, மணலில் படாதபடி ஒரு சிறு மூடியின் மேல் வண்டை வைத்து, இரண்டு மூன்று நாள் விட்டால் இளகிவிடும்.

ஊறிய கையோடு சுத்தமும் செய்துவிடலாம். பூஜ்யம் எண் ஓவியத் தூரிகையால், தலையிலிருந்து வால் நோக்கி ஒரே திசையில் தேய்க்க வேண்டும். கடைசி அலசல் தண்ணீரில் வேண்டாம், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் இருக்கட்டும். தண்ணீரோடு காய்ந்தால் அடிவயிற்றின் செம்பழுப்பு ரோமம் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹாலில் அலசி, ரப்பர் ஊதியால் ஊதினால் ரோமம் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதை நம்பாதீர்கள். நான்கு மடங்கு பெரிதாக்கினால் ஒரு தூசி கூழாங்கல் மாதிரி நிற்கும்.

அப்புறம் தெர்மக்கோல் பலகையில் வைத்து, காலைக் குத்தாமல் இருபுறமும் ஊசிகளைப் பெருக்கல் குறி போலச் சாய்த்து நிறுத்துங்கள். பத்து நாளாவது காயட்டும். மழைக்காலமென்றால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள்தான் காய வைக்க முடியும். எறும்புக்குச் சர்க்கரை டப்பா வைத்தியமே: தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். அருங்காட்சியக வழக்கப்படி ஊசியை வலது சிறகோட்டில் குத்துவார்கள். படத்துக்கு அது இடைஞ்சல். ஊசியின் கொண்டையில் ஃபெவிகால் தடவி வண்டின் அடியில் ஒட்டிவிட்டால் மேலிருந்து எதுவும் தெரியாது.

கேள்வி: பொன்வண்டை எடுத்தால் முதுகில் இரண்டு வெள்ளைப் பொட்டு விழுகிறது. விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் (பளபளப்பை வெட்டும் வடிகட்டி) போட்டேன். பொட்டு போனது, வண்டும் கறுத்துப் போனது! (வாசகி, சேலம்)

பதில்: போலரைசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பொன்வண்டின் பச்சை ஒரு சாயமல்ல. ஓட்டின் மேற்பரப்பில் அடுக்கடுக்காக உள்ள மெல்லிய படலங்கள் ஒளியைத் திருப்பியனுப்புவதால் வரும் நிறம் அது. பளபளப்பை வெட்டினால் நிறமும் சேர்ந்து போகும். இரண்டையும் கழற்றி வையுங்கள்.

ஓடு ஒரு குவிகண்ணாடி. அதற்கு மேலும் பக்கங்களிலும் என்ன இருக்கிறதோ அதுதான் படத்தில் விழும். உங்கள் இரண்டு பொட்டும் இரண்டு ஃபிளாஷின் முகங்கள். ஆகவே வண்டு பார்க்கும் வானத்தை முழுக்க வெள்ளையாக்குங்கள். டிரேசிங் பேப்பரை எட்டு சென்டிமீட்டர் அகலக் குழாயாகச் சுருட்டி வண்டைச் சுற்றி நிறுத்தி, விளக்குகளை வெளியே பதினைந்து இருபது சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: விளக்கைக் காகிதத்தோடு ஒட்டி வைத்தால் காகிதத்தில் ஒரு பிரகாசத் திட்டு விழும், வண்டு அதையே பொட்டாகக் காட்டும். மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டாவது காகிதக் குழாய் ஒன்று மாட்டினால் திட்டு கரைந்துவிடும். சின்ன வண்டுக்குப் பாதியாக வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்து போதும்.

எல்லாப் பக்கமும் வெள்ளை என்றானதும் அடுத்த தொல்லை வரும்: வண்டு தட்டையாகத் தெரியும். காகிதத்தின் உள்பக்கம் ஒரு விரல் அகலக் கறுப்புத் தாளைச் செங்குத்தாக ஒட்டுங்கள். அந்தக் கறுப்புக் கோடு ஓட்டின் மேல் வளைந்து விழும்போதுதான் உருட்சி கிடைக்கும். முதுகின் நடுவில் வட்டமாக ஒரு கருநிழல் தெரிந்தால் அது உங்கள் லென்ஸ். வண்டைப் பத்து டிகிரி சாயுங்கள்.

கேள்வி: ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2016-இல் ஒளிப்படக் கலைஞர் லெவன் பிஸ் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்களில், ஒரு படத்துக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் எடுப்புகள் என்கிறார்களே. நமக்கும் அவ்வளவு வேண்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வேண்டாம். மேக்ரோவில் ஒரு எடுப்பில் மெல்லிய ஒரு தளம் மட்டுமே கூர்மையாக விழும்; அதனால்தான் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல எடுப்புகள் எடுத்து, மென்பொருளில் ஒரே படமாகச் சேர்க்கிறோம். பிஸ் ஒரு பூச்சியை ஏறத்தாழ 30 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக விளக்கமைத்து, 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்த்தி நகர்த்தி 10 மடங்கு மைக்ராஸ்கோப் லென்ஸால் எடுத்தவர். வகுத்துப் பாருங்கள், பகுதிக்கு ஏறத்தாழ முந்நூறுதான்.

உங்கள் கணக்கு இரண்டே எண்களில் இருக்கிறது: வண்டின் ஆழம், ஒரு நகர்வின் அளவு. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் 1:1 (வண்டு தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுவது), லென்ஸ் திறப்பு எஃப் 5.6 என்றால் கூர்மை சுமார் அரை மில்லிமீட்டர் நிற்கும், 0.3 மி.மீ. நகர்த்தினால் 20 மி.மீ. உயரக் காண்டாமிருக வண்டு 70 எடுப்பில் முடியும். என்.ஏ. (மைக்ராஸ்கோப் லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு; கூடினால் கூர்மை நிற்கும் ஆழம் குறையும்) 0.10 உள்ள 4 மடங்கு லென்ஸில் கூர்மை 55 மைக்ரான்தான், நகர்வு 40 மைக்ரான். தலைப்பகுதி 5 மி.மீ. ஆழம் என்றால் 125 எடுப்பு. என்.ஏ. 0.25 உள்ள 10 மடங்கில் 9 மைக்ரானுக்கும் குறைவு. 6 மைக்ரானாக நகர்த்தினால் 3 மி.மீ.க்கே 500. அடுத்தடுத்த எடுப்புகள் கால் பங்காவது ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டின் குறுக்கே மங்கலான பட்டைகள் வரும்.

எண்ணிக்கையைக் குறைக்க எஃப் 16-க்குப் போகாதீர்கள். 1:1-இல் அது உண்மையில் எஃப் 32; எல்லாம் ஒரே சீராக மங்கும்.

கேள்வி: 150 படங்களைச் சேர்த்தால் உணர்கொம்பு மட்டும் இரண்டாகத் தெரிகிறது. (வாசகர், புதுச்சேரி)

பதில்: மின்விசிறியை அணைத்தீர்களா? அணைத்த பிறகும் வந்தால் வண்டு இன்னும் காயவில்லை. அரை மணி நேர எடுப்பில் கொம்பு மெல்லத் தொங்கிக்கொண்டே போகும். உடம்பும் சேர்ந்து இரட்டிப்பானால் அதிர்வு. ஃபிளாஷின் சக்தியை 1/32 அல்லது அதற்கும் கீழே வைத்து, ஒவ்வொரு நகர்வுக்கும் பிறகு இரண்டு நொடி விட்டு எடுங்கள். மென்பொருள் பக்கம்: எடுப்புகளைச் சேர்க்கும் ஜெரீன் ஸ்டாக்கர் மென்பொருளில் சேர்க்கும் முறைகள் இரண்டு: ரோமத்துக்கும் கொம்புக்கும் பி-மேக்ஸ், வழவழ ஓட்டுக்கு டி-மேப். இரண்டையும் ஓட்டி, டி-மேப் படத்தின் மேல் கொம்பை மட்டும் பி-மேக்ஸிலிருந்து தூரிகையால் எடுத்துப் பூசுவதே நல்லது.

கேள்வி: சரணாலயத்தில் செத்துக் கிடக்கும் வண்டை எடுத்து வரலாமா? பெட்டியில் வைத்தவற்றுக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டுகிறதே? (வாசகி, கோத்தகிரி)

பதில்: அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். தோட்டத்திலும் தெருவிளக்கடியிலும் கிடைப்பதே ஏராளம்.

தூள் கொட்டினால், காய்ந்த பூச்சிகளைத் தின்னும் ‘அருங்காட்சியக வண்டு’ என்ற சிறு வண்டின் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. அந்துருண்டை புதிதாக வருவதைத்தான் தடுக்கும், உள்ளே இருப்பதைக் கொல்ல அதை நம்ப முடியாது. வண்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அரை நாள் விட வேண்டும். உடனே பிரித்தால் ஓட்டில் நீர் முத்து முத்தாகக் கோக்கும், நிறுத்தி வைத்த கால்கள் மறுபடி தளரும்.