தென்னிந்தியப் பாறைகள்: மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

நிலவியல் மாநாட்டுக்கு முதன்முறையாக ஆய்வுச் சுருக்கம் எழுதும் மாணவர்கள் கேட்டவை இவை.

மேடம், கிரானுலைட் (பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறிய பாறை) அமர்வில் எப்போதும் கூட்டம். புதிதாகச் சொல்ல இன்னும் என்ன இருக்கிறது? (முதுகலை மாணவர், நாமக்கல்)

அடிப்படைக் கேள்வியே இன்னும் தீரவில்லை. பாலக்காடு–காவிரி ஷியர் மண்டலம் (பாறைகள் நசுங்கி நழுவிய நீண்ட பட்டை) ஒரு பழைய கடல் மூடி இரு நிலங்கள் ஒட்டிய தையலா, அல்லது ஏற்கெனவே ஒன்றாக இருந்த நிலம் அறுபட்ட இடமா? அதற்கு வடக்கே சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை அதிகம் சிதையாமல் நிற்கிறது. தெற்கே மதுரைப் பகுதியிலோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 900 டிகிரி செல்சியஸையும் தாண்டி வெந்த பாறைகள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இந்த விவாதத்தின் நடுவில் கிடக்கிறது. சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்த அனார்த்தசைட் பாறை அங்கிருந்து போனதுதான். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு வேறெங்கும் தேடாதீர்கள்.

மதுரைப் பகுதிச் சார்னகைட்டில் (ஒருவகை கிரானுலைட்) சிர்க்கான் (யுரேனியம் ஈயமாக மாறிய அளவை வைத்து வயது சொல்லும் படிகம்) பிரித்தேன். வயது 55 கோடி முதல் 250 கோடி ஆண்டு வரை சிதறிக் கிடக்கிறது. சராசரி போடலாமா? (ஆய்வு மாணவி, திருச்சி)

கூடவே கூடாது. அந்தச் சராசரி வயதில் இந்தப் பாறைக்கு எதுவும் நடந்திருக்காது. ஒரே சிர்க்கானில் நடுக்கரு பழையதாகவும், மேல் விளிம்பு பின்னால் வெந்தபோது வளர்ந்ததாகவும் இருக்கும். வயது அளக்கும் லேசர் புள்ளி 30 மைக்ரான், விளிம்பு 15 மைக்ரான் என்றால் புள்ளி இரண்டையும் சேர்த்தே தின்கிறது. அதனால்தான் இடைப்பட்ட வயதுகள் வருகின்றன. ஈயம் கசிந்த படிகங்களும் இதே கோலத்தைக் காட்டும்.

ஆகவே முதலில் கேத்தோடொலூமினசன்ஸ் படம் (எலக்ட்ரான் பட்டுப் படிகம் ஒளிர்வதைப் பிடித்து, உள் அடுக்குகளைக் காட்டும் படம்) எடுங்கள். படத்தின் மேல் புள்ளிகளைக் குறித்துவிட்டுப் பிறகு லேசருக்குப் போங்கள். கருவையும் விளிம்பையும் தனித்தனியாகத் தொகுத்து, யுரேனியம்–ஈயம் வயதுகளை ஒப்பிடும் கன்கார்டியா வரைபடத்தில் மேல் வெட்டுப்புள்ளி, கீழ் வெட்டுப்புள்ளி இரண்டையும் பாருங்கள். தோரியம்–யுரேனியம் விகிதம் 0.1-க்குக் கீழே இருந்தால்தான் உருமாற்றச் சிர்க்கான் என்ற வாய்ப்பாட்டை கிரானுலைட்டில் நம்பாதீர்கள். இங்கே உருமாற்ற விளிம்புகளிலும் விகிதம் உயர்ந்திருப்பது உண்டு.

பிரித்த முறையையும் சரிபாருங்கள். 5 கிலோவாவது வேண்டும், மேல்தோல் உரித்த புதிய பாறையாக. நொறுக்கி 250 மைக்ரானுக்குக் கீழே சலித்து, கழுவி, காந்தம் காட்டி, பிறகு புரோமோஃபார்ம் என்ற கனத்த திரவம். அதன் அடர்த்தி 2.89, குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும், சிர்க்கான் அடியில் தங்கும். நச்சு ஆவியை உறிஞ்சும் புகைப் பெட்டிக்கு வெளியே அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நுழைகிறது. ஒன்று, சல்லடைக் கண்ணில் சிக்கிய முந்தைய மாதிரியின் படிகம். மற்றது, பெரியதும் அழகானதுமாகப் பார்த்துப் பொறுக்கும் கை. சிறியதையும் மங்கலையும் சேர்த்து எடுங்கள். இளைய வயது அவற்றிலும் ஒளிந்திருக்கலாம்.

பச்சையாக, எண்ணெய் பூசியதுபோல் இருந்தால் சார்னகைட் என்று எழுதலாமா? (இளங்கலை மாணவர், பல்லாவரம்)

நிறம் போதாது, ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்தைக் காட்ட வேண்டும். தின் செக்‌ஷனில் (மெல்லிய பாறைச் சீவலில்) நுண்ணோக்கி மேடையைத் திருப்பும்போது இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும் மாறி மாறி வரும். குறுக்கு முனைவொளியில், நீள்வெட்டில் இருள்வது நேராக (படிகத்தின் நீளம் குறுக்குக்கோட்டோடு சேரும்போது) இருக்கும். அதை ஒத்த கிளினோபைராக்சீன் கனிமம் சாய்ந்து இருளும். அதற்கு முன் குவார்ட்சைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தைத் தாண்டி மஞ்சளடித்தால் சீவல் 0.03 மில்லிமீட்டரைவிடத் தடிமன்; இன்னும் தேய்க்க வேண்டும். கல்கத்தாவில் ஆங்கில வணிகர் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு வைத்த கல்லை ஆராய்ந்து, அவர் பெயரால் நிலவியலாளர் ஹாலண்ட் 1893-இல் பெயரிட்ட பாறை உங்கள் ஊர்ப் பாறைதான். அதைச் சரியாக அடையாளம் காட்டும் பொறுப்பு உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

கஞ்சமலையில் காம்பஸ் அடிக்கு அடி வேறு திசை காட்டுகிறது. (சேலம்)

காந்தத் தன்மையுள்ள மேக்னடைட் குவார்ட்சைட் பாறை மேல் நிற்கிறீர்கள், முள் அப்படித்தான் திரும்பும். ஸ்டிரைக்கை (பாறை அடுக்கு ஓடும் திசையை) அங்கே காம்பஸால் எடுக்காதீர்கள். பாறை வரிசையின் மேல் இரண்டு இடங்களில் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்து அவற்றை இணைத்துத் திசை கணியுங்கள். புள்ளிகளுக்கிடையே 50 மீட்டராவது இருக்கட்டும், தரை இரண்டிலும் ஒரே உயரமாக இருக்கட்டும். சாய்வுக் கோணத்துக்குப் பயமில்லை, அது நீர்மட்டத்தை நம்பி இருக்கிறது.

காரைக் களிமண்ணில் ஃபொராமினிஃபெரா (சுண்ண ஓடுள்ள நுண்ணுயிர்களின் புதைபடிவம்) தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. (அரியலூர்)

மேற்பரப்பு மண்ணை எடுத்திருப்பீர்கள். வெயிலும் மழையும் பட்ட அடுக்கில் சுண்ண ஓடுகள் கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். அரை மீட்டராவது தோண்டிப் புதிய களிமண்ணை எடுங்கள். காயவைத்து, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, கட்டி உடைந்தவுடன் 63 மைக்ரான் சல்லடையில் கழுவுங்கள். அதிக நேரம் ஊறினால் ஓடு அரிக்கும். அடுத்த மாதிரிக்கு முன் சல்லடையை மெத்திலீன் புளூவில் நனையுங்கள். ஒட்டிக்கொண்ட பழைய ஓடு நீலமாகி, கணக்கில் சேராமல் காட்டிக்கொடுக்கும். காரை தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அந்த எல்லைக்குள் சுத்தியலோ மண்வெட்டியோ எடுக்காதீர்கள், வெளியே உள்ள ஓடைக்கரை வெட்டுகளுக்குப் போங்கள்.

சுருக்கத்தில் எதை முதலில் எழுதுவது?

மாதிரி எடுத்த இடமும், பக்கத்துப் பாறையோடு அதற்குள்ள உறவும். எது எதை வெட்டுகிறது என்று ஒரு வரி இல்லாவிட்டால், வயது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது எதன் வயது என்று கேட்பார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பிழை எல்லையையும் எத்தனை புள்ளிகள் என்பதையும் தவறாமல் போடுங்கள்.