சி.எஸ்.ஐ. பெண், கத்தோலிக்க மாப்பிள்ளை: மறுபடி ஞானஸ்நானம் தேவையா?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையில் குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவள். மணக்கவிருப்பவர் ரோமன் கத்தோலிக்கர். அவர்களுடைய பங்குக் கோயிலில் கல்யாணம் நடக்க வேண்டுமானால் நான் மறுபடி ஞானஸ்நானம் எடுத்துப் பெயரையும் மாற்ற வேண்டும் என்கிறார் அவருடைய உறவினர். உண்மையா?

பதில்: இல்லை. தண்ணீரால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் முறையாகக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. யார் கொடுத்தாலும் அதை வாழ்வில் ஒரே தடவைதான் பெற முடியும். 3ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு எழுந்தது. பிரிந்துபோன குழுவினர் கொடுத்த திருமுழுக்கு (ஞானஸ்நானம்) செல்லாது, மறுபடி கொடுக்க வேண்டும் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். ரோமை ஆயர் ஸ்தேவான் மறுத்தார். ஸ்தேவானின் நிலைப்பாடே நிலைத்தது. புரோட்டஸ்டன்ட் பிரிவினையின் கொந்தளிப்பில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான திரிதெந்து சங்கமும் 1547இல் அதையே உறுதிசெய்தது. பெயர் மாற்றத்தையும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

உங்களுக்குத் தேவைப்படுவது ஆயரின் ஒப்புதல். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி உங்களுடையது கலப்புத் திருமணம், அதாவது கத்தோலிக்கருக்கும் ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையாருக்கும் நடக்கும் திருமணம். தம் விசுவாசத்தில் நிலைத்திருப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டியவர் மாப்பிள்ளை, நீங்கள் அல்ல. அவர் என்ன வாக்களித்தார் என்பதை உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும், அவ்வளவுதான். உங்களைக் கையெழுத்திடச் சொன்னால், வாசித்த பிறகே இடுங்கள்.

ஒரு விலக்கை மட்டும் கவனமாகப் பாருங்கள். நீங்கள் சி.எஸ்.ஐ. என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் உங்களைப் போலவே கேட்கும் பலருக்குப் பொருந்தும். சில பெந்தெகொஸ்தே சபைகள் 'இயேசுவின் நாமத்தில்' என்று மட்டும் சொல்லி முழுக்குக் கொடுக்கின்றன. இரட்சணிய சேனையில் தண்ணீர் ஞானஸ்நானமே கிடையாது. அங்கிருந்து வருபவர், எவ்வளவு பக்தியுள்ளவராயினும், திருச்சபைச் சட்டத்தின் பார்வையில் திருமுழுக்குப் பெறாதவர். ஆயரிடமிருந்து விதிவிலக்கு பெறாமல் நடத்தினால் அந்தத் திருமணம் செல்லாது. அவரும் திருமணத்துக்காக மதம் மாற வேண்டியதில்லை. ஆகவே எந்தச் சபை என்று கேட்பதோடு நிற்காமல், எந்த வார்த்தைகளைச் சொல்லி முழுக்குக் கொடுத்தார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

இனி அந்த உறவினர் விஷயம். 'மறுமுழுக்கு, சான்றிதழ், ஆயரக அனுமதி எல்லாவற்றையும் நானே முடித்துத் தருகிறேன்' என்று ஒரு தொகை பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். இவர் அப்படிப்பட்டவரா என்பது எனக்குத் தெரியாது. பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஞானஸ்நானம், திருமணம் போன்ற அருட்சாதனத்துக்கு, வரையறுக்கப்பட்ட காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக்கூடாது என்றும், ஏழ்மையால் யாருக்கும் அது மறுக்கப்படக்கூடாது என்றும் சட்டமே சொல்கிறது. இவ்வளவு தெளிவான விதிகள் இருந்தும், ஒரு பங்கு அலுவலகம் போதும் என்ற தாளை அடுத்த அலுவலகம் திருப்பியனுப்புகிறது; அந்தக் குழப்பத்தில்தான் தரகர் பிழைக்கிறார்.

உங்கள் சபை குருவானவரிடம் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஞானஸ்நானச் சான்றிதழை வாங்குங்கள். மாப்பிள்ளை தம்முடைய பழைய சான்றிதழை நீட்டினால் போதாது. கத்தோலிக்கப் பதிவேட்டில் திருமணம் ஓரக்குறிப்பாக ஏறும் என்பதால், அண்மையில் எடுத்த நகலையே கேட்பார்கள். இரண்டையும், கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு வெகுமுன்பே நீங்கள் இருவரும் நேரில் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை பத்திரிகை அடிக்க வேண்டாம்.