கேரியரைக் காலியாகவே கொடு – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். பெயர் போட வேண்டாம். ரங்கூனில், தாமுவேயில் நாலாம் மாடியில் குடியிருக்கிறேன். என் கணவர் தவறி ஆறு மாதம் ஆகிறது. பதினாறு முடிந்ததும் உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். எதிர்வீட்டுப் பர்மாக்கார அம்மா மட்டும் இன்னும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொள்ள மனமும் வரவில்லை. யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. அதனால் மறுநாளே ஆரஞ்சோ பிஸ்கட்டோ வாங்கி, கேரியரை நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சில நாள் அந்தச் சாப்பாட்டைத் தொடுவதுகூட இல்லை. அவர் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது?

இன்னும் இரண்டு கேள்விகள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். போகலாமா? அவருடைய கைலி, சட்டைகளை என்ன செய்வது? பீரோவைத் திறக்கவே முடியவில்லை.

– ஒரு வாசகி, ரங்கூன்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணா என்று எழுதிவிட்டாய், அந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று என் அண்ணனுடைய திதி. இலை போட்டுவிட்டு உட்கார்ந்து இதே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

'கைநீட்டிப் பழக்கமில்லாத குடும்பம்' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் மட்டும் இல்லை. என் அம்மாவும் இதையேதான் சொல்வார்.

1967. மோல்மேனில் எனக்குப் பதினொரு வயது. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் தெருவில் தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தன. சித்தப்பா, மாமா, பெரியம்மா வீடு எல்லாரும் கப்பலேறி மதராசுக்குப் போய்விட்டார்கள். அப்பா போகவில்லை. அவர் மாரடைப்பில் போனபோது பாடை தூக்கத் தெருவில் நாலு தமிழ்த் தோள் இல்லை, இரண்டுதான் இருந்தது. மூன்றாவது தோள் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் பர்மாக்காரருடையது. நாலாவது, எதிர்வீட்டு மொன் இனத்துத் தச்சருடையது. இருவரும் எங்கள் வழக்கப்படி செருப்பில்லாமல் சுடுகாடு வரை நடந்தார்கள்.

அந்த வருஷம் அரிசித் தட்டுப்பாடு. போருக்கு முன்னால் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில், ஜனங்கள் அரிசிக்கு அலைந்தார்கள். காடாற்றிய மறுநாள் காலையில் தெருப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பால்டப்பா. கெட்டிப்பால் டப்பாவில்தான் இங்கே அரிசி அளக்கிறோம், எட்டு டப்பா ஒரு பியி என்பது உனக்குத் தெரியும். அம்மா வாசற்படியை மறித்து நின்று கையைக் கூப்பி, "ஷீதே, ஷீதே" என்றார். இருக்கு, இருக்கு என்று. வீட்டில் அரிசி இல்லை. பானைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தவன் நான். தச்சர் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் தோளை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார், பாயை விரித்தார், டப்பாவைக் கவிழ்த்தார். அப்புறம் அடுத்தவர். அப்புறம் அடுத்தவர். பாயில் முழங்கால் உயரத்துக்குக்கூட வராத ஒரு குவியல். அதில் சிவப்பரிசி, நொய், மங்கிப்போன பழைய அரிசி, யாரோ ஒருவர் போட்ட நல்ல வெள்ளை அரிசி. எல்லாம் கலந்து கிடந்ததைப் பிரிக்கவா முடியும்? ஒரே பானையில் போட்டதால் அன்றைய சோறு பாதி குழைந்து பாதி விறைத்திருந்தது. நொய் அடியில் பிடித்துக்கொண்டது. அப்பா போன பிறகு அம்மா வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு சாகும்வரை, எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் அம்மா ஒரு டப்பா அரிசியை முந்தானையில் மூடிக்கொண்டு போவார். பர்மாக்காரர் வீடா, சீனர் வீடா, முகம் தெரிந்தவரா என்றெல்லாம் பார்க்கமாட்டார். தச்சர் மனைவிக்கு மட்டும் அந்த ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. ஒருநாள் கேட்டேன். "அவளுக்குத் திருப்பிக் கொடுத்தா அதோட முடிஞ்சு போயிரும்டா" என்றார்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். மொய் வேறு. மொய்க்கு நோட்டு உண்டு. இன்னார் ஐயாயிரம் என்று எழுதிவைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டி வைப்பது முறை. கணக்கு நேராவதுதான் அங்கே மரியாதை. துக்க வீட்டுச் சோற்றுக்கு நோட்டு கிடையாது. நீ அதற்கும் நோட்டுப் போடுகிறாய், அதுவும் மறுநாளே பைசல் செய்கிறாய். அந்த அம்மா விடியலில் எழுந்து, வெங்காயம் அரிந்து, மீனைக் கழுவி, உனக்கு நண்டு பிடிக்குமா, காரம் ஆகுமா என்று யோசித்து ஒரு கேரியரை நிரப்புகிறார். நீ கடையில் ஆரஞ்சு வாங்கி அதே கேரியரை நிரப்புகிறாய். அதைத் திறக்கும்போது அவருக்குக் கேட்பது என்ன? 'நமக்குள் ஒன்றும் பாக்கி இல்லை, இனி வரவேண்டாம்.' ஆறு மாதமாக இதைக் கேட்டும் கேட்காததுபோல வந்துகொண்டிருக்கிறார் பார், அவரை நினைத்து உன்னைத் திட்டுகிறேன். சாப்பாட்டைத் தொடாமலே கொட்டியிருக்கிறாய் வேறு. அதை எழுதவாவது உனக்கு மனம் வந்ததே.

இது ஆனாதேதான், எனக்கும் தெரியும். பிறருக்குச் சிரமம் தருகிறோமே என்று மனம் கூசுவதற்குப் பர்மாக்காரர் சொல்லும் அந்தச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ஒரே சொல் எனக்குக் கிடைத்ததில்லை. நல்ல குணம், இந்த மண்ணில் பிறந்ததால் நமக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர்கள் அந்தச் சொல்லோடு சேர்த்தே அதற்கு மருந்தும் வைத்திருக்கிறார்கள்: 'ஆமனாபாநெ', கூசாதீங்க. சாவு நடந்த வீட்டில் ஏழு நாளும் அக்கம்பக்கத்தார் மாறி மாறித் துணைக்கு இருப்பார்கள். ராத்திரி முழுக்க விளக்கு எரியும், தேநீரும் லப்பெ என்கிற ஊறவைத்த தேயிலையும் சுற்றி வரும். வரலாமா என்று யாரும் கேட்பதில்லை. நம்மவர்களும் கெட்டதுக்கு அழைக்காமலே போ என்றுதான் சொல்லிவைத்தார்கள். பதினாறாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவுவதோடு அந்த வீட்டை மறந்துவிடு என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, அதை நாமாகவே கற்றுக்கொண்டோம். உன் உறவுக்காரர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

காலையில் பிட்சுகள் உன் தெருவில் வரிசையாகப் போவதைத் தினம் பார்க்கிறாய். கலயத்தில் சோறு விழுகிறது. பிட்சு நன்றி சொல்கிறாரா? போட்டவர்தான் கும்பிடுகிறார். வாங்கிக்கொள்ள ஒருவர் வந்து நின்றதால் தனக்குக் குதோ, அதாவது புண்ணியம், கிடைத்தது என்று கும்பிடுகிறார். உன் எதிர்வீட்டு அம்மா இதைப் பார்த்தே வளர்ந்தவர்.

இது என் மண்டையில் ஏறவும் ரொம்ப நாள் ஆனது. 2009-இல் அண்ணன் ஆறாம் மாடி வீட்டில் இறந்தார். 2001-இல் டைரக்டர் துகாவும் நடிகர் சோ தூவும் ரங்கூனில் தொடங்கிய இலவச இறுதிச்சடங்குச் சங்கம் அப்போது ஊரெங்கும் தெரிந்த பெயர். எந்த மதமானாலும் வண்டி அனுப்புவார்கள், காசு வாங்கமாட்டார்கள். அந்த நடிகரே வண்டி ஓட்டினார், பெட்டி சுமந்தார். இத்தனையும் தெரிந்திருந்தும், இலவச வண்டியில் போகிற நிலைமையா நம் குடும்பத்துக்கு என்று நான் தடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே போன் செய்துவிட்டார். நாலு பையன்கள் வந்தார்கள். செங்குத்தான, ஒடுக்கமான படி. தூக்குவதற்கு முன் ஒருவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "உங்க வழக்கத்துல தலை முன்னாலயா, கால் முன்னாலயா?" அந்தக் கேள்வியில்தான் நான் உடைந்து அழுதேன். அதுவரை அழவில்லை. ஏவே சுடுகாட்டில் எல்லாம் முடிந்தபின் அவன் சட்டைப்பையில் பணத்தைத் திணித்தேன். எடுத்து என் கையிலேயே வைத்து மூடினான். "ஊலே, என் குதோவை எடுத்துக்காதீங்க" என்றான்.

சரி. நாளையோ மறுநாளோ கேரியர் வரும். வாங்கு. சூடாக இருக்கும்போதே சாப்பிடு, நாலு வாய் என்றாலும் போதும். கழுவித் துடைத்துக் காலியாகவே கொடு. முதல் தடவை கை கூசும், கூசட்டும். வாசலில் நிற்கவைத்துப் பேசாமல் உள்ளே வந்து உட்காரச் சொல்.

கைலிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய், மறந்தே போனேன். பீரோ இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். திறக்கிற அன்றைக்கு அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள். ஆறு மாதமாக அவர் கைச்சோறு உன் வீட்டுக்குள் வருகிறது, ஆனால் அவர் பெயர் என்ன, அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. போய்க் கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்