மாடிப்படியில் வாங்கும் மூச்சு

கேள்வி: என் வயது 43. பல ஆண்டுகள் பீடி புகைத்த என் தந்தை, சென்ற ஆண்டு நுரையீரல் நோயால் மூச்சுத் திணறி இறந்தார். அதன்பின் எனக்கும் மூச்சு முழுமையாக இறங்குவதில்லை. அடிக்கடி பெருமூச்சு விடுகிறேன். விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. உறக்கம் வரும் நேரத்தில் மூச்சு நின்றுவிட்டதுபோல் திடுக்கிட்டு எழுகிறேன். ஆக்சிமீட்டரில் 97, 98 காட்டுகிறது. சில நேரம் 94. இணையத்தில் சொன்னபடி மூச்சை அடக்கிப் பார்த்தால் 25 நொடி தாண்டவில்லை. கொழுந்தனாரின் இன்ஹேலரை நாலைந்து முறை உறிஞ்சினேன், படபடப்புதான் கூடியது. படுக்கையறையில் செடிகள் வைத்திருப்பது காரணமா? ஆக்சிஜன் டப்பா வாங்கி வைக்கலாமா? மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மாடி ஏறும்போது மட்டும் முன்போல் இல்லாமல் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. மாதவிடாய்ப் போக்கும் ஓராண்டாக அதிகம்; இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதானே?
– நாங்குநேரி வட்டார வாசகி

பதில்: தூக்கத்தில் உங்கள் மூச்சு நின்றுபோகாது. நீங்கள் இத்தனை கேள்விகள் எழுதியிருந்தாலும் இரவில் உங்களை உறங்கவிடாமல் வைத்திருப்பது இந்த ஒரு பயம்தான் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். நினைவிருந்தால்தான் மூச்சுவிட முடியும் என்ற நிலையில் வாழும் விலங்கு ஒன்று உண்டு, அது டால்பின். நீரின் மேற்பரப்புக்கு வந்து, தலையிலுள்ள துளையைத் தானே திறந்துதான் அது ஒவ்வொரு மூச்சையும் எடுக்கிறது. அதனால் மூளையின் ஒரு பாதி உறங்கும்போது மறு பாதி விழித்திருக்கும் ஏற்பாடு அதற்கு அமைந்திருக்கிறது. மனிதனுக்கு அந்தக் காவல் தேவையில்லை. மூளையின் அடியில், முதுகுத்தண்டுவடத்தோடு சேரும் இடத்தில் உள்ள முகுளம் என்ற பகுதி, நீங்கள் விழித்திருந்தாலும் உறங்கினாலும் மயங்கிக் கிடந்தாலும் மூச்சை நடத்திக்கொண்டே இருக்கும்.

அந்த முகுளம் எதைப் பார்த்து மூச்சை நடத்துகிறது என்பதில்தான் உங்கள் பெருமூச்சுக்கும் மரத்துப்போவதற்கும் விடை இருக்கிறது. மீனின் செவுளில் கரியமில வாயு தண்ணீரில் எளிதாகக் கரைந்து வெளியேறிவிடும்; தண்ணீரில் ஆக்சிஜன்தான் அரிது. அதனால் மீன் தன் மூச்சைப் பெரும்பாலும் ஆக்சிஜனை வைத்தே கூட்டிக் குறைக்கிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனாக இருக்கும் நிலத்தில் வாழும் நமக்கோ, மூச்சை முடுக்குவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயுதான். தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பதே இயல்பு. கவலையால் ஆழமாகவும் அடிக்கடியும் மூச்சை இழுக்கும்போது ஆக்சிஜன் கூடுவதில்லை, ஏனெனில் அது முன்பே ஏறக்குறைய நிறைந்திருக்கிறது. கரியமில வாயுதான் வெளியேறிக் குறைகிறது. அது குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, ரத்தத்தில் தனித்து இயங்கும் கால்சியம் குறைந்து, உதட்டோரமும் விரல் நுனிகளும் மரத்துப்போகும். மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். இந்த உணர்ச்சிகளை ஆக்சிஜன் குறைவு என்று எண்ணி நீங்கள் இன்னும் ஆழமாக இழுக்க, அவை இன்னும் கூடுகின்றன.

உறங்கப்போகும் நேரத்துத் திடுக்கிடலும் இதன் தொடர்ச்சியாக இருக்க வாய்ப்பு உண்டு. மாலை முழுதும் பெருமூச்சாக விட்டுக் கரியமில வாயுவைக் குறைத்துக்கொண்டு படுத்தால், உறக்கத்தின் வாசலில் முகுளத்துக்கு மூச்சை முடுக்க வேண்டிய காரணம் சில நொடிகளுக்கு இருக்காது. அந்த வாயு மீண்டும் சேரும்வரை ஒரு சிறு இடைவெளி விழும். பயத்தோடு காத்திருக்கும் மனம் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு உங்களை எழுப்பிவிடுகிறது. எழுப்பாவிட்டாலும் அடுத்த மூச்சு தானாகவே வந்திருக்கும். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனால் பலத்த குறட்டை, குறட்டை நடுவே நின்று திணறலோடு மீள்வதை அருகில் படுத்திருப்பவர் பார்ப்பது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்வது ஆகியவையே அதன் அடையாளங்கள். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. உங்கள் கணவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்காக இரவு முழுதும் விரலில் கருவியை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டாம்.

செடிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரவில் ஒரு தொட்டிச் செடி எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், அதே அறையில் உறங்கும் ஒரு மனிதர் எடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத்தக்கதல்ல. மூச்சை அடக்கிப் பார்க்கும் சோதனை, பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசிகளில் சுற்றி வந்த வெற்றுப் பேச்சு. கரியமில வாயு கூடும்போது ஒருவர் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்கிறார் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. நுரையீரலின் நலத்தை அதைக்கொண்டு அளக்க முடியாது. கருவி எப்போதாவது 94 காட்டுவதற்குக் குளிர்ந்த விரல், அடர்ந்த நகச்சாயம், விரலின் அசைவு ஆகியவற்றில் ஒன்றே போதும். கையைத் தேய்த்துச் சூடாக்கி ஒரு நிமிடம் அசையாமல் வைத்து மறுபடி பார்த்தால் 97 வரும் என்றால் அந்த 94-ஐ மறந்துவிடலாம். உங்கள் தந்தையின் நோய், பல ஆண்டுப் புகை மூச்சுக்குழல்களையும் நுரையீரலின் நுண்ணறைகளையும் சிதைத்ததால் வந்தது. புகைக்காத மகளுக்கு அது சொத்தைப்போல வந்து சேர்வதில்லை.

இன்ஹேலரைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். அது சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து; இதயத் துடிப்பையும் விரைவுபடுத்தும். சுருங்காத குழலுக்கு அதை உறிஞ்சினால் மிஞ்சுவது கைநடுக்கமும் படபடப்பும் மட்டுமே, அந்தப் படபடப்பைக் கண்டு நீங்கள் மேலும் பயந்திருக்கிறீர்கள். கொழுந்தனாருக்கு உண்மையாகவே இளைப்பு வரும் இரவில் அவர் கையில் அது இருக்க வேண்டும். இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படபடப்பு வரும்போது காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியத்தையும் யாராவது சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள், மூச்சுத்திணறலுக்குக் காரணம் இதயமாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்துவிட்டால் அது ஆபத்தானது.

இனி, கடிதத்தின் கடைசியில் "மற்றபடி ஒன்றுமில்லை" என்று தொடங்கி நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்ததே அவற்றுக்காகத்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்து, வேலையில் மூழ்கினால் மறைந்துபோகும் மூச்சுக்குறை பெரும்பாலும் தீங்கற்றது. அதற்கு நேர்மாறாக, உட்கார்ந்திருக்கும்போது தெரியாமல், உடல் உழைக்கும்போது வந்து, மாதத்துக்கு மாதம் குறைந்த உழைப்புக்கே வரத் தொடங்கும் மூச்சுவாங்கலுக்கு எப்போதும் ஒரு காரணம் தேட வேண்டும். சென்ற ஆண்டு நிற்காமல் ஏறிய அதே படிகளில் இந்த ஆண்டு நடுவில் நிற்கிறீர்கள். படிகளின் எண்ணிக்கை மாறவில்லை. உங்கள் உடலில் ஏதோ மாறியிருக்கிறது. இதை வயதின் கணக்கில் எழுதிவிட 43 ஒரு வயதே அல்ல. இந்த மாற்றத்தோடு ஓராண்டாக மாதவிடாய்ப் போக்கும் அதிகம் என்று படித்தவுடன் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரத்தசோகைதான். 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. "எல்லோருக்கும் உள்ளதுதானே" என்று நீங்கள் எழுதியதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் பரவலாக இருப்பதால் ஒரு நோய் இயல்பாகிவிடாது.

ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கருவியின் அடிப்படையை 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அயோயாகி கண்டறிந்தார். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடாகச் செலுத்தி, இருக்கின்ற ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்பதை அது கணிக்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஊருக்கு வரும் பேருந்தில் எல்லா இருக்கைகளும் நிரம்பியுள்ளன என்று சொல்வதைப் போன்றது அது. பத்துப் பேருந்துகள் ஓடிய தடத்தில் இன்று ஐந்துதான் ஓடுகின்றன என்ற செய்தி அதில் இல்லை.

எண்களில் பார்ப்போம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 கிராம் இருந்தால் சுமை 20 மில்லிலிட்டர். பாதியாகக் குறைந்து 7.5 கிராம் ஆனால் சுமை 10 மில்லிலிட்டர். இரண்டு நிலையிலும் கருவி 98 என்றே காட்டும். ஹீமோகுளோபின் இல்லாமல் ரத்த நீரில் வெறுமனே கரைந்திருக்கும் ஆக்சிஜன், அதே அளவு ரத்தத்தில் 0.3 மில்லிலிட்டர்தான். நீங்கள் வாங்க நினைக்கும் ஆக்சிஜன் டப்பா கூட்டித் தருவது இந்தச் சிறு பங்கைத்தான், அதுவும் உறிஞ்சும் நேரத்துக்கு மட்டும். அண்டார்க்டிக் கடலில் ஹீமோகுளோபினே இல்லாத பனிமீன்கள் வாழ்கின்றன. அவற்றின் ரத்தம் நிறமற்றது. உறைநிலையை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைவதாலும், உடல் அளவுக்கு மிஞ்சிய பெரிய இதயமும் மிகுதியான ரத்தமும் இருப்பதாலும், கரைந்த ஆக்சிஜனை மட்டும் வைத்து அவை காலம் தள்ளுகின்றன. 37 பாகை வெப்பத்தில் இயங்கும் நம் உடலுக்கு அந்த வழி கிடையாது.

உட்கார்ந்திருக்கும்போது ஏன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. நிறைந்த ஹீமோகுளோபினோடு அதில் 1000 மில்லிலிட்டர் அளவு ஆக்சிஜன் போய்ச் சேரும். உடல் எடுத்துக்கொள்வது அதில் கால் பங்கு, அதாவது 250 மில்லிலிட்டர். வரத்து பாதியாகக் குறைந்தாலும் ஓய்வுக்கான செலவுக்கு அது போதும் என்பதால், மெல்ல மெல்ல வரும் ரத்தசோகை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. படியேறும்போது தசைகளின் தேவை பல மடங்காகும். சேமிப்பில் இருந்த இடைவெளி அங்கே தீர்ந்துபோய், இதயம் தன் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்க, உங்களுக்கு நெஞ்சு படபடத்து மூச்சு வாங்குகிறது. நுரையீரல் எந்தக் குறையும் இல்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு முழு ரத்த அணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; ஹீமோகுளோபின் அளவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிப் பார்ப்பார்கள். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை, 8 கிராமுக்குக் கீழ் இருந்தால் கடுமையானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குறைவாக இருந்தால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய சோதனைகளும், மகப்பேறு மருத்துவரிடம் கர்ப்பப்பை ஸ்கேனும் தேவைப்படும். ஓராண்டாகத் தொடரும் அதிகப் போக்குக்கு நார்க்கட்டி போன்ற காரணம் இருக்கிறதா என்று பார்க்காமல் ரத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் ஓட்டைப் பானையில் நீர் நிரப்பிய கதைதான். ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தால் நிம்மதியடைந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். படியில் வாங்கும் மூச்சுக்கு அப்போதும் விளக்கம் வேண்டும், இ.சி.ஜி., இதய எக்கோ, நுரையீரல் செயல்திறன் சோதனை ஆகியவற்றை மருத்துவர் அடுத்துப் பார்ப்பார்.

அதற்கிடையில் படியேறும்போது நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டி மயக்கம் வந்தாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார வேண்டி வந்தாலோ, படியில் வாங்குவதுபோன்ற மூச்சு ஓய்வில் இருக்கும்போதே வாங்கத் தொடங்கினாலோ வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு டானிக் புட்டியும், வழியில் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் வாங்கிவந்து, பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடுவீர்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. பேரீச்சம்பழம் நல்ல உணவு. கடுமையான ரத்தசோகைக்கு அது மருந்தாகாது. இரும்புச் சத்து மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், தேநீரோ காப்பியோ பாலோ அருகில் இல்லாமல் விழுங்க வேண்டும். உடல் அதை ஏற்றுக்கொண்டு ரத்த இழப்பும் கட்டுக்குள் வந்தால், மூன்று நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 2 கிராம் கூடும்; அளவு இயல்புக்கு வந்த பின்னும் சேமிப்பு நிறைய மூன்று மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். மாத்திரை தொடங்கிய சில நாட்களில் மலம் கருமையாகப் போகும். அது மாத்திரையின் நிறம்தான். அதற்காக மறுபடி இணையத்தைத் திறக்க வேண்டாம்.